வெயிலும் வைட்டமின் டியும் ஒவ்வாமையும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. தும்மல், இளைப்பு, தோல் அரிப்பு என ஏதேனும் ஓர் ஒவ்வாமைக்காக மருத்துவரிடம் சென்றவர்களுக்கு, இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாக இருப்பது தெரியவந்திருக்கிறது. அந்தக் குறைவைச் சரிசெய்தால் ஒவ்வாமையும் விலகிவிடுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

பள்ளி ஆசிரியர், மதுரை: வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் வசிக்கிறேன். தினமும் காலை ஆறரை மணிக்கு முக்கால் மணி நேரம் நடக்கிறேன். அப்படியிருந்தும் என் வைட்டமின் டி அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 11 நானோகிராம் என்று அறிக்கை வந்துள்ளது. பரிசோதனையில் தவறு நேர்ந்திருக்குமா?

தவறு நேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் காலை நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது. அதைக் கைவிட வேண்டாம். ஆனால் அந்த நேரத்து வெயிலில் தோல் வைட்டமின் டியை ஏறக்குறைய தயாரிப்பதே இல்லை. தோலில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்னும் பொருள் வைட்டமின் டியாக மாறுவதற்கு 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா பி கதிர்கள் தேவை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி வளிமண்டலத்தில் நெடுந்தூரம் சாய்வாகப் பயணம் செய்ய வேண்டியிருப்பதால், இந்தக் கதிர்கள் ஓசோன் படலத்திலேயே பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. சென்னையின் அட்சரேகைக்கு அருகிலேயே இருக்கும் திருப்பதியில் நடந்த ஆய்வுகள், காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான் இந்த மாற்றம் அதிகமாக நிகழ்கிறது என்று காட்டின. கடிகாரத்தைப் பார்க்காமலே இதை அறியலாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே வைட்டமின் டிக்கு உரிய நேரம்.

வேறு காரணங்களும் உண்டு. நம் தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் இந்தக் கதிர்களைத் தானே வாங்கிக்கொண்டு தோலைக் காக்கிறது. அதனால் வெளிறிய தோல் உடையவர்களைவிட நமக்குக் கூடுதல் நேரம் வெயில் தேவைப்படுகிறது. முழுக்கைச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து நடப்பவருக்கு வெயில் படும் பரப்பு முகமும் புறங்கையும் மட்டுமே. கண்ணாடி சன்னலுக்கு உள்ளே விழும் வெயிலில் வெப்பம் இருந்தாலும் புற ஊதா பி கதிர் இல்லை. உடல் பருமன் உள்ளவர்களின் கொழுப்புத் திசு இந்த வைட்டமினை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களின் தோலில் மூலப்பொருளே குறைந்துவிடுகிறது.

அப்படியானால் எத்தனை நிமிடம் வெயிலில் நிற்க வேண்டும் என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கணக்கு இதற்குக் கிடையாது. வாரத்தில் சில நாட்கள், முற்பகல் பதினொரு மணியை ஒட்டி, முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் படும்படி கால் மணி முதல் அரை மணி நேரம் நிற்பது பெரும்பாலோருக்கு ஏற்றது. தோல் எரியும் அளவுக்கு ஒருபோதும் நிற்கக் கூடாது. சித்திரை, வைகாசி மாதங்களின் கடும் வெயிலில் முதியவர்களும் இதய நோயாளிகளும் இதை முயலவே வேண்டாம். அவர்களுக்கு மாத்திரையே பாதுகாப்பானது. உங்கள் அளவான 11 நானோகிராமைப் பொறுத்தவரை கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 20க்கு மேல் போதுமா, 30 வேண்டுமா என்பதில்தான் மருத்துவ அமைப்புகளிடையே விவாதம் நடக்கிறது. 12க்குக் கீழ் இருப்பது குறைபாடு என்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். அதனால் வெயிலை மட்டும் நம்பியிராமல் மருத்துவரிடம் மருந்தாகவே பெற்றுக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி, கோவை: வைட்டமின் டி எலும்புக்கு உரியது என்றுதான் பாடத்தில் படித்தோம். அதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதாக இப்போது சொல்கிறார்களே, அது உண்மையா?

எலும்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இந்த வைட்டமினின் ஐயத்துக்கு இடமில்லாத பணி அங்கேதான் நடக்கிறது. 1919இல் பெர்லினில் குர்ட் ஹல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வளைந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் ஒளியில் வைத்துக் குணப்படுத்தினார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, மீன் ஈரல் எண்ணெய் கொடுத்து நாய்க்குட்டிகளில் அதே நோயைத் தடுத்துக் காட்டினார். ஒளியும் எண்ணெயும் எப்படி ஒரே நோயைத் தீர்க்கின்றன என்ற புதிருக்கு விடை தேடியபோதுதான் வைட்டமின் டியின் கதை விரிந்தது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு இந்த வைட்டமின் வேண்டும். அது போதுமான அளவில் இருந்தால் உண்ட கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை உடலில் சேரும். இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம் மட்டுமே சேரும். ஆகவே ஒருவருக்கு ஒவ்வாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைபாட்டைச் சரிசெய்தாக வேண்டும். தரையில் உட்கார்ந்து எழுவதற்குச் சிரமப்படும் பெண்களில் எத்தனையோ பேருக்கு, வயதாகிவிட்டது என்று தள்ளிவிடப்படும் வலியின் உண்மைக் காரணம் இந்தக் குறைபாடாகவே இருக்கிறது.

ஒவ்வாமை பற்றிய சிந்தனை பின்னால் வந்தது. 1980களில் நோய் எதிர்ப்பு அணுக்களிலும் வைட்டமின் டிக்கான ஏற்பிகள் இருப்பது தெரியவந்தது. ஒவ்வாமை என்பது தீங்கில்லாத ஒரு பொருளை, உதாரணமாகத் தூசிப் பூச்சியின் கழிவையோ வேர்க்கடலைப் புரதத்தையோ, எதிரியாகத் தவறாகக் கருதி உடல் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளைத் தயாரிப்பது. அந்தத் தவறு நேராமல் கட்டுப்படுத்தும் டி-அணுக்கள் (T cells) என்னும் வெள்ளை அணுக்களுக்கு வைட்டமின் டி துணைபுரிகிறது என்று சோதனைக்கூட ஆய்வுகள் காட்டுகின்றன. மேலும், தோலும் மூச்சுக்குழாயும் கிருமிகளைத் தடுக்கச் சுரக்கும் கத்தெலிசிடின் என்ற பொருளின் உற்பத்தியையும் அது தூண்டுகிறது. இவ்வளவும் உறுதியான உயிரியல்.

மக்களிடையே நடந்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. கடும் ஒவ்வாமை அதிர்ச்சிக்குத் தானே போட்டுக்கொள்ளும் அட்ரீனலின் ஊசி அமெரிக்காவில் எங்கெங்கே அதிகம் எழுதிக் கொடுக்கப்படுகிறது என்று 2007இல் ஆராய்ந்தபோது, வெயில் மிகுந்த தென் மாநிலங்களைவிட வெயில் குறைந்த வடகிழக்கு மாநிலங்களில் அதிகம் என்று தெரிந்தது. ஆஸ்திரேலியா தென்கோளத்தில் இருப்பதால் அங்கே திசை மாறி, தெற்கே செல்லச் செல்ல அதிகரித்தது. 2013இல் மெல்போர்ன் நகரில் ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் டி குறைந்த குழந்தைகளுக்கு வேர்க்கடலை, முட்டை ஒவ்வாமைகள் பல மடங்கு அதிகமாக இருந்தன. ஆனால் ஆஸ்திரேலியாவில் பிறந்த பெற்றோரின் குழந்தைகளிடம் மட்டுமே இந்தத் தொடர்பு தெரிந்தது. வெளிநாட்டில் பிறந்த பெற்றோரின் குழந்தைகளிடம் தென்படவில்லை. நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மக்கள் கூட்டத்தில் கண்டதை வேறொரு கூட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு அந்த ஆய்வே சான்றாக இருக்கிறது.

இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இளைப்பு உள்ள குழந்தையைத் தூசிக்கும் மகரந்தத்துக்கும் பயந்து வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். வெயில் படாததால் அதன் வைட்டமின் டி குறைகிறது. இங்கே குறைபாடு நோயின் விளைவாக இருக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க 2017இல் வேறொரு வழியில் ஆராய்ந்தார்கள். பிறப்பிலேயே வைட்டமின் டி சற்றுக் குறைவாக அமையும் மரபணு மாறுபாடு உள்ளவர்களுக்கு ஆஸ்துமாவோ தோல் கரப்பானோ அதிகமாக வருகிறதா என்று பார்த்தார்கள். அதிகமாக வரவில்லை. எனவே தொடர்பு இருக்கிறது, அது ஆராயத்தக்கது, ஆனால் குறைபாடுதான் ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. தேர்வில் கேட்டால் இந்த மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

எட்டு வயதுச் சிறுவனின் தாய், சென்னை: என் மகனுக்கு ஆஸ்துமா உள்ளது. தினமும் தடுப்பு இன்ஹேலர் எடுக்கிறான். அண்மையில் பார்த்ததில் வைட்டமின் டி 14 நானோகிராம் இருந்தது. என் நாத்தனார் தன் மகனுக்கு வைட்டமின் டி கொடுத்த பிறகு இளைப்பே வரவில்லை என்றும், ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடலாம் என்றும் சொல்கிறார். நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது, அம்மா. இந்தப் பகுதியில் உள்ள மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியை உங்கள் நாத்தனாரிடமும் காட்டுங்கள். தடுப்பு இன்ஹேலரை மருத்துவர் சொல்லாமல் நிறுத்திய குழந்தைகளே, மழைக்காலத்தில் ஒரு சாதாரணச் சளி பிடித்தவுடன் மூச்சுத் திணறி நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரப்படுகிறார்கள்.

உங்கள் நாத்தனார் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் கூறவில்லை. உலகளவில் நடந்த ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படும் அளவுக்கு முற்றும் ஆஸ்துமாத் தாக்குதல்கள் குறைந்ததாகவே சொன்னது. மருத்துவ உலகம் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றது. பின்னர், உங்கள் மகனைப் போன்ற குழந்தைகளிடமே நேரடியாகச் சோதித்தார்கள். ஆஸ்துமாவும் வைட்டமின் டி குறைவும் சேர்ந்துள்ள 6 முதல் 16 வயது வரையிலான 192 சிறுவர்களை அமெரிக்காவில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டியும் மறு பிரிவுக்கு அதைப் போன்ற வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். இரு பிரிவினரும் இன்ஹேலரைத் தொடர்ந்தார்கள். 2020இல் வெளியான அதன் முடிவு, கடும் தாக்குதல் வருவதில் இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதாகும். தொடர்வதால் பயன் இராது என்று தெரிந்ததால் அந்த ஆய்வை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். புதிய ஆய்வுகளையும் சேர்த்து 2023இல் மறுபடி தொகுத்தபோது, காக்ரேன் மதிப்பாய்வும் தன் முந்தைய முடிவை மாற்றிக்கொண்டது.

உறவினர் வீட்டுப் பிள்ளைக்கு இளைப்பு குறைந்ததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். சிறு வயதில் இளைப்பு வரும் குழந்தைகளில் பலருக்கு வளர வளர அது தானாகவே குறைகிறது. பருவம் மாறினாலும், வீடு மாறினாலும், படுக்கையறையிலிருந்து பழைய மெத்தை வெளியேறினாலும் குறையும். அந்த நேரத்தில் கொடுத்துவந்த மருந்துக்கு நாம் பெருமை சேர்த்துவிடுகிறோம்.

உங்கள் மகனின் 14 நானோகிராமைக் கவனிக்காமல் விட வேண்டும் என்பது என் கருத்தன்று. வளரும் எலும்புக்காக அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஆஸ்துமாவுக்காக அவ்வப்போது ஸ்டீராய்டு மாத்திரை எடுக்க நேரும் குழந்தைக்கு எலும்பின் வலிமை இன்னும் முக்கியம். குழந்தை மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரை கொடுங்கள். இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் அளவில் நேரே நுரையீரலுக்குச் செல்வது. அது குழந்தையை அடிமையாக்காது. நோய் கட்டுக்குள் வந்து சில மாதங்கள் நிலையாக இருந்தால் மருத்துவரே அதன் அளவைக் குறைப்பார். பையனை வெளியே விளையாட விடுங்கள். ஓடும்போது இளைக்கிறது என்றால் விளையாடுவதற்கு முன் எடுக்க வேண்டிய மருந்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும்போது விலா இடுக்குகள் உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஏழு மாதக் கர்ப்பிணி, திருச்சி: எனக்கும் கணவருக்கும் தும்மல், மூக்கடைப்பு உண்டு. இப்போதே வைட்டமின் டி அதிகமாக எடுத்துக்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கு ஒவ்வாமை வராமல் தடுக்கலாமா?

இந்த நம்பிக்கையை 2016இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் சோதித்தன. அமெரிக்க ஆய்வில் கர்ப்பிணிகளில் ஒரு பிரிவினர் தினமும் 4,400 யூனிட்டும் மற்றவர்கள் 400 யூனிட்டும் எடுத்தார்கள். மூன்று வயதில் ஆஸ்துமாவோ மீண்டும் மீண்டும் இளைப்போ வந்த குழந்தைகள் முதல் பிரிவில் 24.3 சதவீதம், இரண்டாம் பிரிவில் 30.4 சதவீதம். வேறுபாடு தெரிந்தாலும் அது தற்செயலாக நேர்ந்ததன்று என்று உறுதியாகச் சொல்லும் எல்லையைச் சற்றே எட்டாமல் நின்றது. அதே குழந்தைகள் ஆறு வயதானபோது வேறுபாடு மறைந்துவிட்டது. டென்மார்க்கில் நடந்த இரண்டாவது ஆய்விலும் உறுதியான பயன் கிடைக்கவில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இளைப்பு சற்றுக் குறையலாம் என்பதற்கு மேல் எதையும் வாக்களிக்க முடியாது.

அதிகமாகக் கொடுப்பதிலும் ஒரு ஐயம் இருக்கிறது. வடக்கு பின்லாந்தில் 1966இல் பிறந்த குழந்தைகளை 31 வயது வரை தொடர்ந்து கவனித்த ஆய்வில், முதல் வயதில் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி பெற்றவர்களுக்கு, பெரியவர்களான பின் ஒவ்வாமை மூக்கழற்சியும் ஆஸ்துமாவும் சற்றே அதிகமாகக் காணப்பட்டன. இதுவும் காரணத்தை நிறுவும் ஆய்வன்று. ஆனாலும் கூடக் கொடுத்தால் கூட நன்மை என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட இது போதும்.

ஆகவே உங்கள் மருத்துவர் எழுதித் தரும் அளவை மட்டும் எடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் கர்ப்பிணிகள் உட்பட வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட்டும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 400 யூனிட்டும் பரிந்துரைக்கிறது. தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு என்பதால், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கும் இந்தச் சொட்டு மருந்து தேவை. ஒரு மில்லிலிட்டரில் 400 யூனிட் உள்ள சொட்டு மருந்தும் 800 யூனிட் உள்ள சொட்டு மருந்தும் கடையில் ஒன்றுபோலவே கிடைக்கின்றன. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்த பிறகே அளவுக் குழலை நிரப்புங்கள்.

உணவு ஒவ்வாமையைத் தடுக்க வைட்டமினைவிட வலுவான சான்று உள்ள ஒரு வழி உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒவ்வாமை வரக்கூடிய 640 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மறு பிரிவினருக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கும் உண்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கும் மட்டுமே வேர்க்கடலை ஒவ்வாமை வந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்து திட உணவு தொடங்கும்போது, நைசாக அரைத்த வேர்க்கடலையைக் கஞ்சியில் சிறிதளவு கலந்தும், நன்றாக வெந்த முட்டையை மசித்தும் கொடுக்கத் தொடங்கலாம். முழுக் கடலை தொண்டையில் சிக்கும். அதைக் கொடுக்கவே கூடாது. குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

விவசாயி, கிருஷ்ணகிரி: பார்த்தீனியச் செடி பட்டுப்பட்டுக் கழுத்து, கண் இமை, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்துவிட்டது. வெயிலில் போனால் இன்னும் கூடுகிறது. வெயிலில் போகாதே என்கிறார் தோல் மருத்துவர். வைட்டமின் டி குறைவு, வெயிலில் நில் என்கிறார் எலும்பு மருத்துவர். யார் சொல்வதைக் கேட்பது?

தோல் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், ஐயா. பார்த்தீனியத்திலுள்ள பார்த்தெனின் என்ற பொருள் காய்ந்த செடியின் தூசியோடு காற்றில் பறந்துவந்து, துணி மூடாத இடங்களில் படிந்து, தாமதமாகத் தோன்றும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது சிலருக்குத் தோல் வெயிலையே தாங்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது; உங்களுக்கு நேர்ந்திருப்பது அதுவாகவே தோன்றுகிறது. இந்த நிலையில் வைட்டமினுக்காக வெயிலில் நிற்பது நோயை வளர்ப்பதாகிவிடும். உங்களுக்கு வேண்டிய வைட்டமின் டி முழுவதும் மருந்தாகவே கிடைக்கட்டும். இரண்டு மருத்துவரிடமும் மற்றவர் எழுதிய சீட்டைக் காட்டிவிட்டால் இந்தக் குழப்பமே இராது. தோல் நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை பல மாதங்களாக எடுத்துவந்தால், அதைத் திடீரென நிறுத்தாமல், எலும்பின் நிலையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டையோடு கழுத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, செடி பூக்கும் காலத்தில் களை பறிக்கும் வேலையை வேறொருவரிடம் விடுவது எந்த மருந்துக்கும் குறையாத சிகிச்சை.

வாசகி, தஞ்சாவூர்: ஓர் ஆண்டாக உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பி மறைகிறது. வைட்டமின் டி உதவுமா? என் பேத்தியின் கரப்பானுக்கும் கொடுக்கலாமா?

நாள்பட்ட தடிப்புக்கு 2014இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு தினமும் 4,000 யூனிட் எடுத்தவர்களுக்கு மூன்று மாதத்தில் தொல்லை குறைந்தது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 42 பேர் மட்டுமே. கரப்பானுக்கு, மங்கோலியத் தலைநகர் உலான் பாத்தரில் குளிர்காலத்தில் நோய் முற்றும் 107 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஒரு மாதம் தினமும் 1,000 யூனிட் கொடுத்ததும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. குளிர்கால வெயிலில் புற ஊதா பி கதிர் போதுமான அளவு கிடைக்காத நாட்டுக் குழந்தைகளின் அனுபவம் தஞ்சாவூர்க் குழந்தைக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு. இருவருக்கும் இரத்தத்தில் குறைவு இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். ஓரளவு பயன் கிடைக்கவும் கூடும். உங்களுக்கு அரிப்பைத் தணிக்கும் மாத்திரையும், பேத்திக்குக் குளித்த ஈரம் காய்வதற்குள் பூசும் ஈரப்பதக் களிம்பும்தான் அடிப்படைச் சிகிச்சை.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருநெல்வேலி: வாரம் ஒரு முறை சாப்பிடும் 60,000 யூனிட் பொடியை இரண்டு ஆண்டாக நானே வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். சளி, தும்மல் வராமல் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். தொடரலாமா?

தயவுசெய்து இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பொடி குறைபாட்டைச் சரிசெய்வதற்காக, பொதுவாக எட்டு வாரம் வரை எடுத்துவிட்டு, பின்னர் குறைந்த அளவுக்கு மாற வேண்டிய மருந்து. வாரம் 60,000 என்றால் நாளொன்றுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு யூனிட்டுக்கும் மேல் ஆகிறது. மருத்துவ மேற்பார்வை இல்லாமல் வளர்ந்தவர்கள் தாண்டக் கூடாத எல்லை 4,000 யூனிட். வைட்டமின் சி அளவு மீறினால் சிறுநீரில் வெளியேறிவிடும். கொழுப்பில் கரையும் வைட்டமின் டி உடலிலேயே சேர்ந்துகொண்டே போகும். வெயிலால் இப்படி நஞ்சாவதில்லை, ஏனெனில் அளவு மிஞ்சியதும் தோலே அதைச் சிதைத்துவிடுகிறது. வாய்வழி எடுப்பதற்கு அத்தகைய தடை எதுவும் இல்லை.

அளவு மீறும்போது இரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது. பசியின்மை, குமட்டல், மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகக் கல்லிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் கொண்டு விடலாம். உங்கள் வயதில் இந்த அறிகுறிகளை மூப்பு என்று எண்ணி விட்டுவிடுவது எளிது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், கிரியாட்டினின் மூன்றையும் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு தயாசைடு வகை நீர் மாத்திரை எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் அது கால்சியத்தை உடலில் தேக்கும். காசநோய் உள்ளவர்களின் உடலும் சில வேளைகளில் இந்த வைட்டமினைத் தானே மிகையாகச் செயலூக்கும். அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தவணையாக 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தபோது, கீழே விழுவதும் எலும்பு முறிவும் குறைவதற்குப் பதிலாக அதிகரித்தன என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. தும்மலை நிறுத்த இந்தப் பொடி உதவும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இல்லத்தரசி, காரைக்குடி: நாங்கள் சைவம். கீரை, கேழ்வரகு, தயிர் எல்லாம் சேர்க்கிறோம். வைட்டமின் டி போதுமா? மாத்திரைகளில் அசைவப் பொருள் இருக்குமா? என் மருமகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமையும் உண்டு.

நீங்கள் சொன்ன மூன்றிலும் கால்சியம் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் மட்டும் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. ஆனால் அவற்றில் வைட்டமின் டி இல்லை. இயற்கை உணவில் அது மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களிலும் முட்டை மஞ்சள் கருவிலும்தான் குறிப்பிடும்படி இருக்கிறது. சைவ உணவில், சமைப்பதற்கு முன் நண்பகல் வெயிலில் வைத்த காளானில் ஓரளவு உண்டாகும். பால் பாக்கெட்டிலும் எண்ணெய்ப் பாக்கெட்டிலும் 'பிளஸ் எஃப்' என்ற நீல நிற அடையாளம் இருந்தால் அது செறிவூட்டப்பட்டது. அத்தகைய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரை சேர்க்கப்படுகிறது. இரண்டு தம்ளர் பாலால் ஒரு நாளின் தேவையில் ஆறில் ஒரு பங்கு அளவே கிடைக்கும் என்பதால், உணவை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மாத்திரையிலுள்ள டி3 பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்காக ஆட்டைக் கொல்வதில்லை. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் மனத்தைப் பொறுத்தது. மென்மையான உறையுள்ள குளிகைகளில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் பெரும்பாலும் இருக்கும். பாசிக்காளானிலிருந்து எடுக்கும் டி3யும், ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் டி2வும் முழுச் சைவம். டி2 இரத்தத்தில் அளவைச் சற்றுக் குறைவாகவே உயர்த்துகிறது.

உங்கள் மருமகளுக்கு எழுதித் தரும்போது வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதை மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் கட்டாயம் சொல்லுங்கள். வைட்டமின் டி எண்ணெயில் கரைவது என்பதால் சில குளிகைகளிலும் சொட்டு மருந்துகளிலும் அதைக் கரைக்க எண்ணெய் பயன்படுத்துகிறார்கள். சில தயாரிப்புகளில் அது கடலை எண்ணெயாகவோ சோயா எண்ணெயாகவோ இருக்கும். உறையின் மீது உட்பொருள்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதில் எண்ணெயின் பெயர் தெளிவாக இல்லையென்றால் அந்தத் தயாரிப்பை விட்டுவிட்டு, எண்ணெய் சேராத மாத்திரையையோ பொடியையோ கேட்டு வாங்குங்கள்.